கூரைத் தண்ணீர்

1953 ஏப்ரல் 27, திங்கட்கிழமை காலை. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது டிராய் நகரம். அங்கே ரென்சலேர் பாலிடெக்னிக் கல்லூரியின் கதிர்வேதியியல் வகுப்புக்கு வந்த மாணவர்கள் கைகர் எண்ணிகளை ஓடவிட்டார்கள். எந்த மாதிரியை அளப்பதற்கு முன்பும், வெறும் கருவி எவ்வளவு எண்ணுகிறது என்று முதலில் குறித்துக்கொள்வார்கள். மண்ணிலும் சுவரிலும் விண்ணிலிருந்து வரும் கதிரிலும் எப்போதும் கொஞ்சம் கதிரியக்கம் இருக்கும். அதைக் கழித்த பிறகுதான் கணக்கு. அன்று கழிக்கவேண்டிய அந்த எண்ணே வழக்கத்தைவிடப் பலமடங்கு ஏறியிருந்தது. ஒரு கருவி என்றால் பழுது எனலாம். இருந்த எல்லாக் கருவிகளும் ஒரே இரவில் பழுதாகுமா?

முந்தைய இரவு டிராயில் இடியும் மின்னலுமாகப் பெருமழை கொட்டியிருந்தது. பேராசிரியர் ஹெர்பர்ட் கிளார்க்குக்கு அந்த மழையின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. எண்ணியை வெளியே எடுத்துப் போனார்கள். கட்டடத்துக்குள் கேட்டதைவிட வெளியே அதன் டிக் டிக் சத்தம் கூடியது. தேங்கிய குட்டைகளருகே இன்னும் கூடியது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் வைத்தபோது சத்தங்களைத் தனித்தனியே பிரித்துக் கேட்க முடியவில்லை. ஒரு முழுக் கூரையில் விழுந்ததெல்லாம் அந்த ஒரு வாய் வழியாகத்தானே இறங்கியிருக்கும்.

கிளார்க் நியூயார்க் நகரில் அணுசக்தி ஆணையத்தின் ஆய்வகத்தில் இருந்த ஜான் ஹார்லி என்ற வேதியியலாளருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். கணக்கு சரியாகப் பொருந்தியது. இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 25 விடியலில், நெவாடா பாலைவனத்தில் 'சைமன்' என்று பெயரிட்ட அணுகுண்டைக் கோபுரத்தின் மேல் வைத்து வெடித்திருந்தார்கள். 43 கிலோடன். காளான் மேகம் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேலே எழுந்தது. மேலடுக்கில் வேகமாக வீசும் மேலைக்காற்று அதை அள்ளிக்கொண்டு கிழக்கே ஓடியது. ஒன்றரை நாளில் 3,500 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து, டிராய்க்கு மேலே ஓங்கி நின்ற இடிமேகத்துக்குள் அது நுழைந்தது. மிச்சத்தை மழை செய்தது.

மாணவர்களுக்கு அந்தப் பருவத்தில் வேறு பாடமே தேவைப்படவில்லை. குட்டைத் தண்ணீர், இலைகள், குடிநீர்க் குழாய் என்று ஊர் முழுக்க மாதிரி எடுத்து நாள்தோறும் அளந்தார்கள். கிளார்க் அந்த முடிவுகளை 1954-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். அந்தக் கட்டுரையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: வெடித்த இடத்துக்கும் நமக்கும் இடையே எத்தனை மைல் என்பது பாதிக் கேள்வி. அந்த மேகம் நம் தலைக்கு மேல் போகும் நேரத்தில் மழை பெய்ததா என்பதே மறுபாதி.

ஏன் அப்படி?

குண்டின் தீக்கோளம் தான் தொட்டதையெல்லாம் ஆவியாக்கிவிடும். கோபுரத்து இரும்பு, பாலைவன மணல், குண்டின் உறை எல்லாம் ஆவியாகி, மேலே போய்க் குளிர்ந்து, மீண்டும் துகளாகும். யுரேனியம் அல்லது புளூட்டோனியம் பிளந்து பிறந்த நூற்றுக்கணக்கான கதிரியக்க அணு வகைகள் அந்தத் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். பெரிய துகள்கள் சில மணி நேரத்தில், சோதனைக் களத்தைச் சுற்றியே விழுந்துவிடும். சிக்கல் நுண்ணிய துகள்களில் இருக்கிறது. ஒரு மைக்ரான் அளவுள்ள தூசு அசைவற்ற காற்றில் ஒரு கிலோமீட்டர் இறங்கவே மாதக்கணக்கு ஆகும். அது இறங்குவதற்குள் காற்று அதைப் பூமியைச் சுற்றியே இழுத்துச் சென்றுவிடும்.

மழை அந்த மாதங்களை ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிடுகிறது. மேகத்துளி தானாகப் பிறப்பதில்லை. நீராவி உட்காருவதற்கு ஒரு தூசு வேண்டும். அணுகுண்டின் தூசும் அதற்கு நன்றாகவே உதவும். அப்படிப் பிறந்த மேகத்துளிகள் லட்சக்கணக்கில் சேர்ந்துதான் ஒரு மழைத்துளி ஆகிறது. ஒவ்வொன்றும் தன் பங்குத் தூசையும் கொண்டுவந்து சேர்க்கிறது. கீழே விழும் வழியில் அந்தத் துளி எதிர்ப்படும் தூசையும் வாரிக்கொள்கிறது. மழை பெய்து ஓய்ந்ததும் தூரத்து மலை துல்லியமாகத் தெரிகிறதே, அதே கழுவல்தான். காற்றில் இருந்தது காணாமல் போகவில்லை, நம் முற்றத்துக்கு வந்திருக்கிறது.

இதில் ஒரு குழப்பம் உண்டு. எந்த மழைக்குப் பிறகும் கைகர் எண்ணி கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவின் வழித்தோன்றல்களும் காற்றில் மிதக்கின்றன. மழை அவற்றையும் இறக்கிவிடும். இது பூமி தோன்றிய நாளிலிருந்து நடப்பது. அப்படியானால் குண்டை எப்படிப் பிரித்தறிவது? காத்திருந்துதான். ரேடானின் அந்தப் பிள்ளைகளுக்கு அரை ஆயுள் அரைமணி நேரத்துக்கும் குறைவு. மழைத்தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் படிந்ததை எண்ணியின் கீழ் வைத்துவிட்டு நாலைந்து மணி நேரம் பொறுத்தால் அவை அடங்கிவிடும். மறுநாளும் அது துடித்துக்கொண்டிருந்தால் அது மண்ணின் வேலை அல்ல.

துடிப்பு குறையும் விதத்திலேயே வெடித்த நாளும் எழுதியிருக்கிறது. பிளவுப் பொருள்கள் பலவகை. சில நொடிகளில் சாகும், சில ஆண்டுக்கணக்கில் வாழும். எல்லாம் கலந்த கலவைக்கு ஒரு தோராய விதி இருக்கிறது: வெடித்ததிலிருந்து கழிந்த நேரம் ஏழு மடங்கானால் கதிரியக்கம் பத்தில் ஒரு பங்காகும். புதிதாய் வெடித்தது வேகமாகத் தணியும், பழையது மெதுவாக. ஒரே மாதிரியை ஒரு வாரம் தொடர்ந்து எண்ணி வரைபடத்தில் புள்ளி வைத்தால், பின்னோக்கிப் போய் அது பிறந்த நாளைக் குறித்துவிடலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் தனிமங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஸ்ட்ரான்ஷியம்-89-க்கு அரை ஆயுள் ஐம்பது நாள், ஸ்ட்ரான்ஷியம்-90-க்கு ஏறத்தாழ 29 ஆண்டு. இரண்டும் ஒரே குண்டில் ஒன்றாகப் பிறந்தவை. வேதியியலில் ஒன்றையொன்று பிரிய முடியாதவை. ஒன்று கரைய மற்றது நிற்கும். அவற்றின் விகிதம் மழைத்தண்ணீருக்குள் ஓடும் கடிகாரம்.

இந்தக் கடிகாரத்தை முதன்முதலில் படித்தவர்களில் ஒருவர் அணுகுண்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேலையில் இருந்தார். ராச்செஸ்டரில் கோடக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜூலியன் வெப். 1945-இன் பிற்பகுதியில் எக்ஸ்-ரே படச்சுருள்களில் காரணம் தெரியாத கரும்புள்ளிகள் தோன்றின. படத்தாள்களுக்கு நடுவே வைக்கும் வைக்கோல் அட்டைதான் காரணம் என்று கண்டார்கள். போர்க்காலத்தில் கடிகார முகப்புகளுக்குப் பூசிய ரேடியம் பழைய காகிதத்தோடு கலந்து அட்டைக்குள் வந்து தொல்லை தந்தது அவர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் இது ரேடியம் இல்லை. வெப் புள்ளிகளை மாதக்கணக்கில் தொடர்ந்தார். இதன் அரை ஆயுள் ஒரு மாதம்போல் இருந்தது. இயற்கையில் கிடைக்காத சீரியம்-141. அட்டை இண்டியானா மாநிலத்தின் வின்சென்ஸ் ஊரில் வாபாஷ் ஆற்றங்கரை ஆலையில் செய்தது. ஆலை ஆற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தியது. ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் உலகின் முதல் அணுகுண்டு வெடித்தது. அதன் தூசு 1,500 கிலோமீட்டருக்கு மேல் வந்து, மழையில் இறங்கி, ஆற்றில் கலந்து, அட்டையாகி, எங்கோ ஒரு நோயாளியின் எலும்பைப் படமெடுக்க வைத்திருந்த தாளில் புள்ளியிட்டது. வெப் இதை 1949-இல்தான் அச்சில் வெளியிட்டார்.

அதே 1949-இல் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் பீட்டர் கிங், ஹெர்பர்ட் ஃப்ரீட்மன், லூதர் லாக்ஹார்ட் முதலானோர் வேண்டுமென்றே மழைக்குக் காத்திருந்தார்கள். சோவியத் ஒன்றியம் எப்போது அணுகுண்டு வெடிக்கும் என்பது அன்றைய வாஷிங்டனின் பெரிய கவலை. விமானப்படை, காற்றை வடிகட்டும் தாள்களைப் பொருத்திய விமானங்களை ஜப்பானுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே பறக்கவிட்டது. கடற்படையினர் தேர்ந்தது இன்னும் எளிய வழி: தூரத்துத் தளங்களில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பது. திட்டத்துக்குப் பெயரே 'மழைப் பீப்பாய்'.

நம் வீடுகளில் கலங்கல் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றினால், அல்லது குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்தால், மண் திரண்டு அடியில் தங்கும். மழைத்தண்ணீரிலிருந்து கதிரியக்க அணுக்களைப் பிரிப்பதிலும் அதே தத்துவம்தான். அலுமினிய உப்பைச் சேர்த்தால் பஞ்சுபோல் ஒரு திரள் உண்டாகும். அது இறங்கும்போது பிளவுப் பொருள்களையும் கூட்டிக்கொண்டு இறங்கும். ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக வேண்டாம், கையளவு வண்டலை அனுப்பினால் போதும்.

1949 ஆகஸ்ட் 29 அன்று கசக்ஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் அருகே சோவியத்தின் முதல் குண்டு வெடித்தது. யாருக்கும் அறிவிக்கவில்லை. செப்டம்பர் 3 அன்று விமானம் ஒன்றின் வடிதாள் வழக்கத்துக்கு மேலாகத் துடித்தது. அதற்கு முன் நூற்றுக்கும் மேற்பட்ட முறை அப்படித் துடித்து, ஒவ்வொரு முறையும் ரேடான் போன்ற இயற்கைக் காரணம் என்று முடிந்திருந்தது. ஆகவே ஒரு தாளை மட்டும் நம்பிக் குடியரசுத் தலைவரிடம் போக முடியாது. அலாஸ்காவின் கோடியாக் தீவில் பிடித்த மழைத்தண்ணீர் அந்த ஐயத்தைத் தீர்க்கப் பெரிதும் உதவியது. அதில் சீரியமும் இட்ரியமும் தெளிவாக இருந்தன. அவை ஆகஸ்ட் கடைசியில் பிறந்தவை என்பதும் தெரிந்தது. செப்டம்பர் 23 அன்று ட்ரூமன் உலகுக்கு அறிவித்தார். குண்டைச் செய்தவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே அதன் வயதைத் தண்ணீர் சொல்லிவிட்டது.

இனி ஜப்பானுக்குப் போகவேண்டும். மழையை இவ்வளவு விடாப்பிடியாகப் பின்தொடர்ந்த நாடு வேறில்லை, அதற்கான காரணமும் அவர்களுக்கு இருந்தது.

1954 மார்ச் 1. பசிபிக்கில் பிக்கினி பவழத்தீவில் அமெரிக்கா வெடித்த 'பிராவோ' ஹைட்ரஜன் குண்டு, கணக்கிட்டதைவிட இரண்டரை மடங்கு பெரிதாக, 15 மெகாடன்னாக வெடித்தது. அபாய எல்லைக்கு வெளியே சூரைமீன் பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாம் ஃபுக்குரியு மாரு' என்ற படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மழைபோல் பெய்தது. பொடியாகிச் சுட்டெரிந்த பவழம் அது. 23 மீனவர்கள். மார்ச் 14 அன்று யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பியபோது எல்லோருக்கும் உடம்பு புண்ணாகியிருந்தது. படகின் வானொலித் தொடர்பாளர் குபோயாமா ஐகிச்சி செப்டம்பரில் இறந்துபோனார்.

அந்தச் சாம்பலைப் பரிசோதித்த டோக்கியோ வேதியியலாளர் கிமுரா கெஞ்சிரோ அதில் யுரேனியம்-237 இருப்பதைக் கண்டார். 1940-இல் நிஷினா யோஷியோவோடு சேர்ந்து அந்த ஐசோடோப்பைக் கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர். தன் கையால் முதலில் தொட்டதை மீண்டும் ஒரு மீனவர் படகில் சந்தித்தார். குண்டைச் சுற்றிச் சாதாரண யுரேனியத்தால் உறை போட்டு, அதையும் பிளக்கவைத்திருந்தால் மட்டுமே அந்த அளவு யுரேனியம்-237 வரும். அதாவது அமெரிக்கா ரகசியமாக வைத்திருந்த குண்டின் கட்டமைப்பு அந்தச் சாம்பலிலேயே வாசிக்கக் கிடைத்தது.

மே மாதம் கதிரியக்க மழை ஜப்பானிலேயே பெய்தது. மழையில் நனையாதே என்று தாய்மார்கள் பிள்ளைகளைத் தடுத்தார்கள். டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் இல்லத்தரசிகள் தொடங்கிய, ஹைட்ரஜன் குண்டுக்கு எதிரான கையெழுத்து இயக்கம் ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் மூன்று கோடியைத் தாண்டியது. தில்லியில் நேரு அந்த ஏப்ரல் 2 அன்றே சோதனைகளை நிறுத்திவைக்கும்படி நாடாளுமன்றத்தில் கேட்டிருந்தார்.

அதே சுகினாமி வட்டாரத்தில், கோயென்ஜி பகுதியில்தான் ஜப்பானின் வானிலை ஆய்வு நிறுவனம் இருந்தது. அங்கே புவிவேதியியலாளர் மியாகே யாசுவோவும், அவரிடம் பணியாற்றிய சருஹாஷி கட்சுக்கோவும் மழையை அளந்தார்கள். 1954 ஏப்ரலில் தொடங்கிய அந்தப் பதிவு, 1957 முதல் ஸ்ட்ரான்ஷியம்-90, சீசியம்-137 என்று பிரித்து மாதாமாதம் தொடர்ந்தது. வேலை ஒன்றும் பகட்டானதல்ல. மாடியில் அகலமான பாத்திரம். ஒரு மாதத்தில் அதில் விழுந்த மழை, பனி, தூசு எல்லாவற்றையும் வழித்தெடுத்து, வற்றவைத்து, அமிலத்தில் கரைத்து, படிப்படியாகப் பிரித்து, நாள்கணக்கில் எண்ணி, ஒரு எண்ணை எழுதவேண்டும். அடுத்த மாதம் மறுபடியும்.

சருஹாஷி 1920-இல் பிறந்தவர். பள்ளிச் சன்னல் கண்ணாடியில் வழியும் மழைத்துளிகளைப் பார்த்து, மழை ஏன் பெய்கிறது என்று யோசித்த சிறுமி. காப்பீட்டு நிறுவன வேலையை விட்டுவிட்டு, 21 வயதில் மகளிர் அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். மழையில் இறங்கியது கடலில் என்ன ஆகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. நிலத்தில் விழுந்ததை மண் பிடித்துக்கொள்ளும். கடலில் விழுந்தது நீரோட்டத்தோடு நகரும். பிக்கினியிலிருந்து கதிரியக்கம் கடல்வழியாக ஜப்பானை எட்ட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகிறது என்றும், அமெரிக்கக் கரையைவிட மேற்குப் பசிபிக்கில் சீசியம் கூடுதல் என்றும் அவரும் மியாகேயும் சொன்னார்கள். அமெரிக்காவில் பலர் நம்பவில்லை. அளவீட்டில் பிழை என்றார்கள்.

1962-இல் சருஹாஷி சான் டியாகோவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துக்குப் போனார். தியோடர் ஃபோல்சம் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரும் ஒரே கடல்நீரைத் தத்தம் முறையில் அளந்து ஒப்பிடவேண்டும். ஆறு மாதம் நடந்தது. இருவருடைய எண்களும் ஒத்துப்போயின. அதற்குப் பிறகு ஜப்பானிய அளவீடுகளை யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை. இந்தக் கதையில் நான் அதிகம் மதிக்கும் இடம் இதுதான். அவர் விவாதம் செய்யப் போகவில்லை. தன் குடுவையை எடுத்துப்போய் அவர்கள் முன்னாலேயே வேலை செய்து காட்டினார்.

வானில் எவ்வளவு காலம் அந்தத் தூசு தங்கும் என்பது அப்போது பெரிய சர்ச்சை. ஹைட்ரஜன் குண்டுகளின் மேகம் மழைமேகங்களுக்கு மேலே உள்ள அடுக்கு மண்டலத்துக்குள் போய்விடும். அங்கே மழை கிடையாது. ஐந்து பத்து ஆண்டுகள் அது அங்கேயே இருக்கும், மெல்ல மெல்ல உலகெங்கும் சமமாக இறங்கும் என்று அணுசக்தி ஆணையத்தின் வில்லர்ட் லிபி வாதிட்டார். கார்பன் காலக்கணிப்புக்காக நோபல் பரிசு பெற்ற மேதை அவர். பாத்திரத்தில் விழுந்த மழை வேறு கணக்குச் சொன்னது. தூசு ஓரிரு ஆண்டுகளிலேயே இறங்கியது, சமமாகவும் இறங்கவில்லை. வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில், மனிதர்கள் நெருங்கி வாழும் அந்தப் பட்டையில், ஒவ்வொரு வசந்தத்திலும் மேலடுக்குக் காற்று கீழே கசிந்தது. அந்தப் பருவ மழையோடு ஸ்ட்ரான்ஷியம் புல்லுக்கும், புல்லிலிருந்து பாலுக்கும், பாலிலிருந்து கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக் குழந்தைகளின் எலும்புக்கும் போனது.

1961, 62-இல் இரு வல்லரசுகளும் வெறிகொண்டதுபோல் வெடித்தன. 1961 அக்டோபர் 30 அன்று நோவாயா செம்ல்யா தீவுக்கு மேல் வெடித்த சோவியத் குண்டு ஒன்று மட்டும் 50 மெகாடன். 1962 டிசம்பரோடு இரண்டும் வளிமண்டலச் சோதனைகளை நிறுத்தின. அடுத்த ஆகஸ்டில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆனால் டோக்கியோப் பாத்திரத்தில் உச்சம் 1963 ஜூனில் வந்தது. ஒரு சதுர மீட்டரில் அந்த ஒரு மாதம் சீசியம்-137 மட்டும் ஏறத்தாழ 550 பெக்கரல். கடைசிக் குண்டு வெடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

தூசு வடிவில் அல்லாமல் தண்ணீராகவே வந்த ஒன்றும் உண்டு. ஹைட்ரஜன் குண்டு கனமான ஹைட்ரஜனாகிய டிரிட்டியத்தை ஏராளமாக உண்டாக்கியது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து நீர் மூலக்கூறாகவே மாறிவிடுவதால், எந்தப் படிகாரமும் அதைப் பிரிக்காது. கனடாவின் ஒட்டாவாவில் 1953 முதல் மழையில் டிரிட்டியத்தை அளந்துவருகிறார்கள். பத்தாயிரம் கோடி கோடி ஹைட்ரஜன் அணுக்களில் சில அணு என்பதுபோன்ற இயற்கை அளவு, 1963-இல் நூற்றுக்கணக்கான மடங்கு ஏறியது. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து அறுபதுகளின் தொடக்கத்தில் அமைத்த மழை மாதிரி வலைப்பின்னலில் மும்பையும் புதுதில்லியும் இருந்தன. இங்கே ஏற்றம் ஒட்டாவா அளவுக்கு இல்லை. மேலடுக்கின் கசிவு நம் அட்சரேகைகளில் குறைவு, பருவமழையைக் கொண்டுவரும் கடல் நீராவியும் அதை நீர்க்கச் செய்கிறது.

நிலத்தடி நீரை ஆய்பவர்களுக்கு அது ஒரு முத்திரையாகிப்போனது. ஆழ்கிணற்றுத் தண்ணீரில் டிரிட்டியம் அறவே இல்லையென்றால் அந்தத் தண்ணீர் 1950-களுக்கு முன்பே மண்ணுக்குள் போனது. உறிஞ்சினால் நம் ஆயுளில் திரும்ப ஊறாது. இருந்தால், அண்மை மழை இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால் 1963-இன் மழையில் இருந்ததில் இன்று முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிச்சம். அந்த முத்திரை அழிந்துகொண்டே வருகிறது.

கோயென்ஜியின் பாத்திரங்கள் 1980-இல் நிறுவனத்தோடு சுக்குபா நகருக்கு இடம்பெயர்ந்தன. அந்த ஆண்டு அக்டோபரில்தான் சீனா கடைசியாக ஒரு குண்டைத் திறந்த வானில் வெடித்தது. அதன்பின் உலகில் யாரும் அப்படி வெடிக்கவில்லை. 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்து ஒருமுறை படிவின் வரைகோட்டை மேலே ஏற்றியது. 2011 மார்ச்சில் ஃபுக்குஷிமா அணு உலை விபத்து அதை 1963-இன் உச்சத்துக்கும் மேலே கொண்டுபோனது. இவ்விரண்டுக்கும் இடையில், தொண்ணூறுகளிலும் அதன் பிறகும், மாதப் படிவு ஒரு பெக்கரலில் நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்குத் தாழ்ந்திருந்தது. வானத்தில் மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் பூஜ்யத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் கொஞ்சம் ஏறியது.

காரணத்தைத் தேடியவர்கள் அந்தப் பாத்திரத்தில் படிந்த மண்ணைப் பார்த்தார்கள். மார்ச் முதல் மே வரை கோபிப் பாலைவனத்திலிருந்தும் மங்கோலிய, வட சீனப் புல்வெளிகளிலிருந்தும் மஞ்சள் தூசு ஜப்பானுக்குப் பறந்து வரும். ஜப்பானியர் அதைக் 'கோசா' என்பார்கள். அறுபதுகளில் அந்தப் புல்வெளிகளிலும் மழை பெய்தது. அன்று மண்ணின் மேல்தோலில் தங்கிய சீசியம், வறட்சியில் புல் கருகிய இடங்களில் காற்றோடு எழுந்து, கடல் தாண்டி, சுக்குபா மாடியின் தட்டில் இரண்டாம் முறையாக மழையோடு இறங்கியிருந்தது.